ஆடி மாதத்திலும் நான் உழைத்ததாக வைத்துக்கொண்டார்கள்

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை உன் வருங்கால மாமனார் வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் காரில் திரும்பி வரும்போது, "தாங்ஸ் அம்மா, நீங்கள் ஒண்டும் சொல்லாமல் இருந்தது நல்லதாப் போச்சு" என்று சொன்னாய். நான் லண்டனில் நம்முடைய மோர்டன் வரும்வரைக்கும் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ அதைக் களைப்பு என்று நினைத்திருப்பாய். அந்த நன்றியை எங்கே வைப்பது என்று தெரியாமல்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். உனக்கு மட்டும் எழுதினால் நீ வாசித்துவிட்டு மேசை லாச்சிக்குள் போட்டுவிடுவாய். ஆகவே நம்முடைய ஆட்கள் எல்லாரும் வாசிக்கக்கூடியதாகவே எழுதுகிறேன். கலியாணத்துக்கு முன் இப்படி எழுதலாமா என்று யாரும் கேட்டால், கலியாணத்துக்குப் பின் எழுதினால் அது சண்டையாகிவிடும் என்று சொல்லு.

உன் மாமனார் கெட்ட மனிதர் என்று நான் சொல்லவில்லை. என் தட்டில் தன் கையாலேயே வடையை எடுத்து வைத்தார். சென்னையிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு வந்து, வீடு வாங்கி, பிள்ளையைப் படிப்பித்தவர். தன்னுடைய முயற்சி ஒன்றுதான் தன்னை இங்கே கொண்டுவந்தது என்று நம்புகிறவர்களுக்கு ஒரு சிரிப்பு இருக்கும், அது அவரிடமும் இருந்தது. வரியைப் பற்றிய கதை வந்ததும் அந்தச் சிரிப்போடு சொன்னார்: "சொந்தத் தொழில்னு ஒரு போர்டை மாட்டிக்கிட்டு வருஷம் பூரா கவர்மென்ட் காசுல சாப்பிட்டவங்க எத்தனை பேர் தெரியுமா? அந்த டாக்ஸ் கிரெடிட்டை நிறுத்தினதுதான் சரி. சம்பாதிக்கத் தெரியலைன்னா கடையை மூடிட்டு வேலைக்குப் போகட்டும். என்னப்பா, நான் சொல்றது சரிதானே?" கேள்வி உன்னிடம்தான் வந்தது. நீ கறியை விரலால் ஒதுக்கிக்கொண்டே, "ஓம் அங்கிள், அது நியாயம்தான்" என்றாய். பிறகு அவர் என் பக்கம் திரும்பி, "நீங்க டெக்கரேஷன் பிசினஸ் பண்ணி ரிட்டயர் ஆயிட்டீங்களாமே, கொடுத்து வச்சவங்க" என்றார். நான் ஓய்வு பெற்றுவிட்டேன் என்பது எனக்கு அந்த மேசையில்தான் தெரியவந்தது. அன்று காலைதான் சலவைத் தொழிற்சாலையில் ஷிப்டை முடித்து, குளித்து, அந்த மாம்பழ நிறச் சீலையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தேன்.

அரசாங்கத்தின் காசில் சாப்பிட்டவள் என்று அவர் சொன்ன ஆள் அவருக்கு எதிர்க் கதிரையில்தான் இருந்தாள். அவளுக்கு அருகில் இருந்து சாப்பிட்ட நீயும் அந்தக் காசில் சாப்பிட்டவன்தான். அப்பா இறந்தபோது நீ ஏ லெவல் படித்துக்கொண்டிருந்தாய். நான் அதற்கு முன்பே, கலியாணப் பொம்பிளைக்குச் சீலை கட்டி, கொண்டை போட்டு வெளிக்கிடுத்தும் வேலையைத் தொடங்கிவிட்டேன். பிறகு மணவறையும் போடத் தொடங்கினேன். தூண்கள், பின்திரை, குத்துவிளக்கு, மாலை எல்லாவற்றையும் சேர்த்து வைத்துக்கொண்டு, வாடகைக்கு ஒரு வேன் எடுத்து, ஸ்ட்ரெதமில் இருக்கிற சாந்தாவை உதவிக்குக் கூட்டிக்கொண்டு லண்டனின் நாலு மூலைக்கும் போனேன். விடிவதற்கு முன் பொம்பிளை வீட்டில் நின்று, இரவு மண்டபத்தைக் கூட்டிப் பெருக்கிவிட்டு வருகிற வேலை. அதை வேலை என்று நீ எப்போதாவது நினைத்தாயோ தெரியாது. உன் நண்பர்களிடம் "அம்மாவுக்கு டெக்கரேட் பண்ணப் பிடிக்கும்" என்று சொன்னதைக் கேட்டிருக்கிறேன்.

நம்முடைய கலியாணங்களுக்குப் பஞ்சாங்கம் இருக்கிறது. வைகாசியிலும் ஆவணியிலும் தையிலும் ஒரே நாளில் மூன்று வீட்டார் கேட்பார்கள். ஆடியில் ஒருவரும் கூப்பிடமாட்டார்கள். மார்கழியிலும் அப்படித்தான். உழைப்புக் குறைந்தவர்களுக்கு அரசாங்கம் தந்த அந்த டக்ஸ் கிரெடிட் இருந்த காலத்தில் இது ஒரு பிரச்சினையாகவே இருக்கவில்லை. வருடம் முழுவதற்கும் என்ன உழைத்தாய் என்றுதான் கேட்பார்கள். கொழுத்த மாதமும் மெலிந்த மாதமும் ஒன்றாகச் சேர்ந்து ஒரு வருடமாகிவிடும். அதில் குறைகிறதுக்குக் கொஞ்சம் தருவார்கள். நான் வரியும் கட்டினேன், அந்தக் கொஞ்சத்தை வாங்கவும் செய்தேன். நீ பல்கலைக்கழகத்துக்குப் போன வருடங்களில் ஆடி மாத வாடகையைக் கட்டியது அதுதான். நான் வெட்கப்படவில்லை. நீ வெட்கப்படுகிறாய் என்று எனக்கு அப்போது தெரியாது.

பிறகு அதை நிறுத்தி எல்லாரையும் யுனிவர்சல் கிரெடிட்டுக்கு மாற்றினார்கள். வருடத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அரசாங்கம் மாதத்தைப் பார்க்கத் தொடங்கியது. இதை யோசித்தவர்கள் எல்லாரும் மாதச் சம்பளக்காரர்கள். ஒவ்வொரு மாதக் கடைசியிலும் தங்கள் கணக்கில் காசு வந்து விழுவதைப் பார்த்துப் பார்த்து, உலகத்தில் காசு அப்படித்தான் வரும் என்று நம்பிவிட்டார்கள். அந்தக் கெட்டிக்காரர்களில் ஒருவராவது தன் வாழ்க்கையில் ஒரு கதிரையை வாடகைக்கு விட்டிருப்பாரா, ஒரு வாடிக்கையாளருக்காகக் காத்திருந்திருப்பாரா என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். காத்திருந்திருந்தால் இப்படி ஒரு விதியை எழுதக் கை வந்திராது.

என்னுடைய தொழில் உண்மையான தொழில்தானா என்று பார்க்க ஒரு நேர்காணல் வைத்தார்கள். பல வருடம் வரி வாங்கியபோது அந்தச் சந்தேகம் அவர்களுக்கு வந்ததில்லை. என் எதிரே அதிகாரியாக இருந்தது ஒரு தமிழ்ப் பிள்ளை. பெயர் ஆரணி. இங்கே பிறந்தவள், யாழ்ப்பாணத்து ஆட்களின் பிள்ளை என்று கதையிலேயே தெரிந்தது. முதலில் ஆங்கிலத்தில் கதைத்தாள். நான் தடுமாறியதும் குரலைத் தாழ்த்தித் தமிழுக்கு வந்தாள். நான் ஆடி மாதத்தைப் பற்றிச் சொன்னேன்.

"எனக்குத் தெரியும் ஆன்ட்டி. எங்கட வீட்டிலயும் ஆடியில ஒண்டும் செய்யிறேல்லை. ஆனால் சிஸ்டத்துக்கு ஆடி தெரியாதே."

"கிறிஸ்மஸ் தெரியுமோ?"

அவள் சிரித்தாள். பிறகு திரையைப் பார்த்து வாசிப்பது மாதிரிச் சொன்னாள்: "முதல் ஒரு வருசம் டைம் தருவினம். அதுக்குப் பிறகு, முழுநேரம் வேலை செய்யிற ஒராள் எடுக்கிற குறைஞ்ச சம்பளத்தை நீங்கள் ஒவ்வொரு மாசமும் எடுத்ததாத்தான் கணக்கு."

"எடுக்காட்டி?"

"எடுத்ததாத்தான் கணக்கு."

"அப்ப ஆடியில நான் என்ன செய்யிறது பிள்ளை?"

"டைவர்சிஃபை பண்ணலாம் தானே ஆன்ட்டி. வெள்ளைக்காரற்றை பார்ட்டிக்குச் செய்யலாம். இல்லாட்டி இதை ஒரு ஹொபியா வைச்சுக்கொண்டு ஒரு வேலையைப் பாக்கலாம்."

அவளை நான் ஏசவில்லை. அவளுடைய சம்பளமும் மாதக் கடைசியில் வருகிறது. ஆனால் அந்த ஹொபி என்ற சொல்லை வீடு வரும்வரைக்கும் பஸ்ஸில் மென்றுகொண்டு வந்தேன். என் கையால் வெளிக்கிட்ட பிள்ளைகளுக்கு இப்போது பிள்ளைகள் இருக்கின்றன. நான் பொழுதுபோக்குக்குச் செய்தேனாம்.

தந்த வருடம் ஓடிவிட்டது. அதற்குள் நான் என்ன செய்யவில்லை என்று நினைக்கிறாய்? ஒரு ஆங்கிலேயப் பிள்ளையின் பிறந்தநாளுக்குப் பலூன் கட்டினேன். அந்தத் தாய் என்னை வாசலில் வைத்தே காசைக் கொடுத்து அனுப்பினாள். பெண்பிள்ளைகள் பெரியபிள்ளையாகிற சாமத்தியச் சடங்குகளுக்கு அரை விலைக்குப் போனேன். இருந்தும் ஆடி வந்தபோது ஆடியாகவே வந்தது. நான் ஒரு சதம் உழைக்காத அந்த மாதத்தில், முழுநேரச் சம்பளம் எடுத்துவிட்டேன் என்று வைத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் தந்தார்கள். அந்த மிச்சத்தில் வாடகைக்கே துண்டு விழுந்தது. ஆவணியில் ஓடி ஓடி உழைத்தபோது, "நீ நன்றாக உழைத்துவிட்டாய்" என்று அந்த மாதம் ஒன்றும் தரவில்லை. உழைத்தபோது உண்மையைப் பார்த்தார்கள், உழைக்காதபோது கற்பனையைப் பார்த்தார்கள். இரண்டிலும் அவர்களுக்குத்தான் லாபம். இந்தக் கணக்கை ஒரு பலசரக்குக் கடைக்காரர் செய்தால் அவரை நாங்கள் கள்ளன் என்போம். அரசாங்கம் செய்தால் சீர்திருத்தம்.

நான் உனக்குத் தொலைபேசி எடுத்தேன், ஞாபகம் இருக்கிறதா? நீ அலுவலகத்தில் இருந்தாய். "அம்மா, நான் காசு போட்டுவிடுறன். ஆனால் நீங்கள் அதை விட்டிட்டு ஒரு வேலையைப் பாருங்கோவன். லாபமில்லாத ஒண்டைப் பிடிச்சுக்கொண்டு ஏன் கஷ்டப்படுறியள்?" என்றாய். காசை நான் வேண்டாம் என்றேன். நீ அதைப் பிடிவாதம் என்றாய். தம்பி, ஒரு தாய்க்கு மகன் காசு கொடுப்பது அழகான விஷயம்தான். ஆனால் அவளுடைய வேலைக்கு விலை இல்லை என்று சொல்லிக்கொண்டே நீட்டுகிற காசை வாங்கக் கை நீளாது. அதோடு, லாபம் இருந்தது. வருடத்தைப் பார்த்தவனுக்கு அது தெரிந்தது. மாதத்தைப் பார்த்தவனுக்குத் தெரியவில்லை. நீ கணக்குப் படித்தவன், கேட்டிருக்கலாம்.

கார்த்திகையில் மணவறையை விற்றேன். ஃபாரஸ்ட் கேட் பக்கம் இதே தொழில் செய்கிற ஒருவர் வந்து பார்த்தார். தூணைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, இந்த மாதிரி டிசைனை இப்ப ஆரும் கேக்கிறேல்லை" என்று பாதி விலைக்கு ஏற்றிக்கொண்டு போனார். அடுத்த தையில் அதே தூண்களை யாரோ ஒருவரின் கலியாணப் படத்தில் பார்த்தேன். வேறு நிறம் பூசியிருந்தார். நல்லாகவே இருந்தது. அவரிடம் பெரிய பெரிய மணவறைகள் பல இருக்கின்றன, வேலைக்கு ஆட்கள் இருக்கிறார்கள், ஆடியில் கடையைப் பூட்டிவிட்டு யாழ்ப்பாணம் போய்வர வசதி இருக்கிறது. இந்த விதி அவரை ஒன்றும் செய்யாது. நடுவில் நிற்கிறவனைத்தான் அது தேடிப் பிடிக்கும். பிறகு பாராளுமன்றத்தில் எழுந்து நின்று சிறுதொழில்தான் நாட்டின் முதுகெலும்பு என்பார்கள். தொலைக்காட்சியில் அதைக் கேட்கும்போது நான் சத்தத்தைக் குறைத்துவிடுவேன்.

மார்கழியில் சலவைத் தொழிற்சாலைக்குப் போனேன். ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகள் ஈரத்தோடு வரும். உதறி, விரித்து, மெஷினுக்குள் கொடுக்க வேண்டும். சில மாதங்களிலேயே வலது மணிக்கட்டு வீங்கத் தொடங்கியது. டொக்டர் பட்டி ஒன்று கட்டச் சொல்லி, வைத்தியசாலைக்கும் எழுதிவிட்டார். இன்னும் கூப்பிடவில்லை. உன் மாமனாருக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும்: அந்தச் சம்பளம் லண்டன் வாடகைக்குப் போதாது. ஆகவே இப்போதும் அரசாங்கம் எனக்குத் தருகிறது. முன்பு தந்ததற்குக் குறையாமல் தருகிறது. அதோடு என் மணிக்கட்டுக்கும் அதே அரசாங்கம்தான் செலவு செய்யப் போகிறது. சாந்தாவுக்குக் கலியாண நாட்களில் நான் கொடுத்த கூலி நின்றுவிட்டது. அவளும் இப்போது உதவிப்பணத்துக்கு ஜொப் சென்டரில் போய் நிற்கிறாள். ஒருத்திக்குக் கொஞ்சம் கொடுப்பதை மிச்சம் பிடிக்கப் போய் இரண்டு பேருக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். இதைத் திட்டம் போட்டவர்களுக்குப் பதவி உயர்வு கிடைத்திருக்கும்.

இந்த வருடம் வைகாசி அளவில் ஒரு அம்மா தொலைபேசி எடுத்தார். மகளுக்கு ஆவணியில் கலியாணம், யாரோ சொந்தக்காரரின் கலியாணத்தில் நான் வெளிக்கிடுத்தின பொம்பிளையைப் பார்த்தாராம், அதே கைதான் வேண்டும் என்றார். நான் இப்போது செய்வதில்லை என்றேன். அவர் விடவில்லை. "பிள்ளையோட ஒருக்காக் கதையுங்கோவன்" என்று மகளிடம் கொடுத்தார். "ஹலோ ஆன்ட்டி" என்ற குரலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆரணி. அவளுக்கு என்னைத் தெரியவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை பேரைப் பார்க்கிறாளோ.

"பிள்ளை, நீங்கள்தானே எனக்கு இதை ஹொபியா வைச்சிருக்கச் சொன்னனீங்கள்?"

"ஓ மை கோட். ஆன்ட்டி... அது என்ரை முடிவில்லை ஆன்ட்டி. சிஸ்டம் அப்பிடி."

"விளங்குது. எண்டைக்குக் கலியாணம்?"

அவள் நாளைச் சொன்னாள். சனிக்கிழமை.

"அண்டைக்கு எனக்கு ஷிப்ட் இருக்கு மகள்."

"லீவு எடுக்க ஏலாதா ஆன்ட்டி? ப்ளீஸ்."

"நீங்கள் பாக்கச் சொன்ன வேலைதானே. விட்டிட்டு வர ஏலாது."

லீவு கேட்டிருந்தால் சிலவேளை தந்திருப்பார்கள். நான் கேட்கவில்லை. அந்தச் சனிக்கிழமை முழுவதும் விரிப்புகளை உதறிக்கொண்டு, இந்நேரம் கொண்டை போட்டிருப்பார்கள், இந்நேரம் கூறைச் சீலைக்கு மாற்றியிருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டு நின்றேன். எனக்கு ஒரு சந்தோஷமும் வரவில்லை. அந்தப் பிள்ளையின் முகம் நீளமான முகம். நெற்றிச்சுட்டியைக் கொஞ்சம் இறக்கி வைத்தால்தான் எடுப்பாக இருக்கும். அது அன்று வெளிக்கிடுத்தினவளுக்குத் தெரிந்திருக்குமோ என்றுகூட யோசித்தேன். இப்படி யோசிக்கிற ஒருத்தியைத்தான் ஹொபிக்காரி என்று வகைப்படுத்தினார்கள்.

உனக்குப் புத்தி சொல்ல வேண்டிய வயது போய்விட்டது. இருந்தும் இரண்டொன்று சொல்கிறேன். கலியாணம் கட்டப் போகிற வீட்டில் அடக்கமாக இரு. ஆனால் அடக்கத்துக்கும் ஒளிப்பதற்கும் வித்தியாசம் தெரிந்திரு. உன் அம்மா என்ன வேலை செய்கிறாள் என்று கேட்டால், இல்லாத ஓய்வைக் கண்டுபிடித்துக் கொடுக்காதே. நாளைக்கு உன் அலுவலகத்தில் யாராவது ஒரு அட்டவணையைக் காட்டி, இவ்வளவு மிச்சம் என்று சொன்னால், அந்த மிச்சம் யாருடைய வீட்டிலிருந்து வந்தது என்று ஒரு கேள்வி கேள். கேட்டால் உனக்கு நல்ல பெயர் கிடைக்காது. கேட்காமல் கிடைக்கிற நல்ல பெயரை வைத்து என்ன செய்யப் போகிறாய் என்றும் எனக்குத் தெரியவில்லை.

இனி நீ அறியாத ஒன்று. புதன்கிழமை, நீ கட்டப் போகிற அபிராமி தனியாக என் வீட்டுக்கு வந்தாள். உனக்குச் சொல்ல வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவளாகத்தான் சொல்லாமல் வந்தாள். தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு, "ஆன்ட்டி, அப்பா பேசினப்ப நீங்க சாப்பாட்டை அப்படியே வச்சிட்டீங்க. நான் பாத்தேன். ஏன்னு கேக்கத்தான் வந்தேன்" என்றாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஷிப்டைச் சொன்னேன், பட்டி கட்டிய கையையும் காட்டினேன். அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அவன் எங்கிட்ட இதெல்லாம் சொல்லவே இல்லையே ஆன்ட்டி" என்றாள். அதற்கு நீதான் பதில் சொல்ல வேண்டும்.

எழும்பும்போது, "என் கல்யாணத்துக்கு நீங்களே என்னை ரெடி பண்ணுவீங்களா?" என்று கேட்டாள்.

"செய்வன் பிள்ளை. ஆனால் சும்மா செய்யமாட்டன்."

"அப்பா தருவாரு ஆன்ட்டி."

"அப்ப அவருக்கு பில் அனுப்புறன். மாமியார் எண்டு விலை குறைக்கமாட்டன்."

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திவிட்டு, "சரி, அனுப்புங்க" என்றாள். உனக்கு ஏற்ற பிள்ளை என்று முன்பு நினைத்தேன். இப்போது, நீ அவளுக்கு ஏற்றவனாக வளர வேண்டும் என்று நினைக்கிறேன்.

பில்லை அனுப்பிவிட்டேன். அந்தக் காசு வந்ததும் அதை அந்த மாத வருமானமாக யுனிவர்சல் கிரெடிட் அலுவலகத்துக்கு அறிவிப்பேன். அந்த மாதம் எனக்கு வருவதில் அதற்கேற்ற அளவு வெட்டிவிடுவார்கள். தன் காசில் அரசாங்கத்துக்கு மிச்சம் பிடித்துக் கொடுத்ததை நினைத்து உன் மாமனார் பெருமைப்படலாம். சாந்தாவையும் கூப்பிட்டிருக்கிறேன். அவளுக்குத் தனி பில். தொழிற்சாலையில் கலியாணத்தன்றைக்கு லீவு கேட்டிருக்கிறேன். சூப்பர்வைசர் இன்னும் ஓம் என்று சொல்லவில்லை. அவர் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் விடிவதற்கு முன் பொம்பிளை வீட்டில் நிற்பேன். முன்கதவால்தான் வருவேன், வேலைச் சாமான் பெட்டியோடு. அன்று உன் மாமனார் கதவைத் திறந்து "யார் இது?" என்று முழித்தால், பதில் சொல்வதற்கு நீ பக்கத்தில் நில்.

அம்மா